உங்கள் மொட்டைமாடியை எண்ணியாச்சு, தெரியுமா?

புதுக்கோட்டை மாவட்டத்து ஜெகதாப்பட்டினத்தில் எத்தனை வீடு இருக்கிறது என்று தலையாரியைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். ஒரு கம்ப்யூட்டர் யோசிக்காது! வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து, ஓடு, ஆஸ்பெஸ்டாஸ், கான்கிரீட் எதுவானாலும் ஒவ்வொரு கூரையைச் சுற்றியும் தானே கோடு போட்டு எண்ணிவிடும்! கூகுளின் 'ஓப்பன் பில்டிங்ஸ்' என்ற தொகுப்பில் இப்படிக் கோடு போட்ட கட்டடங்கள் எத்தனை தெரியுமா? 180 கோடி! ஆப்பிரிக்கா, தெற்காசியா, தென்கிழக்காசியா, லத்தீன் அமெரிக்கா எல்லாம் சேர்த்து! வேலை தொடங்கியது அமெரிக்காவில் அல்ல, கானா நாட்டின் அக்ரா நகரில்! 2021-ல் ஆப்பிரிக்காவுடன் ஆரம்பித்து, இரண்டே வருடத்தில் நம் பக்கம் வந்துவிட்டார்கள்.

அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் அரை மீட்டர். அதாவது, மாடியில் நீங்கள் கருவாடு காயப்போட்டால் அதுக்குத் தெரியாது. மாடி எத்தனை சதுர மீட்டர் என்று மட்டும் தெரியும்! ஒவ்வொரு கூரைக்கும் பக்கத்தில் 'இது கட்டடம்தான் என்று எனக்கு இவ்வளவு நிச்சயம்' என்று ஒரு மதிப்பெண்ணும் போட்டு வைத்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கும் சந்தேகம் வருமா? வரும்!

வீடு கட்டுவதிலும் ஊரை வடிவமைப்பதிலும் கணினி செய்கிற வேலைகளைத் தேடப் போனால், ஆச்சரியம் அள்ள அள்ளக் குறையவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரையில் நின்றுகொண்டே ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

மரத்தைத் தரை என்று நினைத்த விண்கலம்!

2000 பிப்ரவரி. 'எண்டெவர்' விண்வெளி ஓடம் 11 நாள் பூமியைச் சுற்றியது. அந்த 11 நாளில் உலக நிலப்பரப்பில் 80 சதவீதத்தின் மேடு பள்ளத்தை ரேடார் மூலம் அளந்துவிட்டது! ஒரு வெள்ளத் திட்டமோ துறைமுகமோ வரையும்போது பல நாட்டுப் பொறியாளர்கள் இன்றைக்கும் முதலில் எடுப்பது அந்த அளவைத்தான். இலவசம்!

ஆனால் ஒரு வேடிக்கை தெரியுமா? தோப்பு இருந்தால் அந்த ரேடார் மரத்தின் தலையைத் தொட்டுவிட்டு அதையே தரை என்று எழுதிக்கொள்ளும்! ஊருக்குள் வந்தால் கூரையைத் தரை என்று சொல்லும்! மலைப்பகுதியில் இரண்டு மூன்று மீட்டர் முன்னே பின்னே இருந்தால் என்ன போச்சு? பாக் நீரிணைக் கரை அப்படியா? இங்கே தரையே கடலுக்கு மேல் ஒரு சில மீட்டர்தான்! சவுக்கும் தென்னையும் கருவேலமும் நிற்கிற கரையில் அந்தக் கணக்கை நம்பினால், உண்மையில் பள்ளமான இடம் காகிதத்தில் மேடாகிவிடும்!

2019-ல் கிளைமேட் சென்ட்ரல் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் கணினிக்கு இந்தத் தவறைத் திருத்தச் சொல்லிக்கொடுத்தார்கள். விடை வந்ததும் எல்லோரும் ஆடிப்போனார்கள்! 2050 வாக்கில் வருடத்துக்கு ஒரு முறையாவது கடல் வெள்ளம் புகும் தாழ்நிலத்தில் இப்போது வாழ்பவர்கள் 8 கோடி என்று பழைய கணக்கு. திருத்திய கணக்கு? 30 கோடி! கடல் ஒரு அங்குலம்கூடக் கூடுதலாக உயரவில்லை. தரைக் கணக்கைச் சரிபார்த்ததற்கே இந்த வித்தியாசம்!

படகு மேஸ்திரியின் ரீப்பர் கட்டைக்குள் என்ன இருக்கிறது?

மரப்படகு கட்டுகிற மேஸ்திரியைக் கவனித்திருக்கிறீர்களா? மெல்லிய ரீப்பர் ஒன்றை எடுத்து, நாலைந்து இடத்தில் பிடித்து வளைப்பார். அது தானாக ஒரு வளைவில் நிற்கும். உடையாமல், முறியாமல், கோணல் இல்லாமல்! அந்த வளைவுதான் படகின் வயிறு.

ஐரோப்பியக் கப்பல் கட்டுகிறவர்களும் அதையேதான் செய்தார்கள். மெல்லிய மரச்சட்டம், அதை அங்கங்கே அழுத்திப் பிடிக்க ஈயக் குண்டுகள்! அந்தச் சட்டத்தின் வளைவைக் கணக்காக எழுதியதுதான் இன்று எல்லா வரைகலை மென்பொருளிலும் இருக்கிற வளைகோடு! பிரான்சில் இரண்டு கார் கம்பெனிகளில் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே காலத்தில் இதற்கு வழி கண்டார்கள். சித்ரோயனில் தெ கேஸ்தல்ஜோ, ரெனோவில் பெஸியே. முதலில் கண்டது தெ கேஸ்தல்ஜோ, 1959-லேயே! ஆனால் கம்பெனி அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. பெயர் யாருக்குப் போனது? வெளியே சொன்ன பெஸியேவுக்கு! பாவம் இல்லையா?

அதோடு முடியவில்லை. ஸ்பெயினின் பில்பாவ் நகரில் 1997-ல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகம் தெரியுமா? அலையும் மீனும் கலந்த மாதிரி நெளிந்து நிற்கிற கட்டடம். அதன் மேல் போர்த்தியிருப்பது சுமார் 33,000 டைட்டானியத் தகடுகள்! ஒவ்வொன்றின் கனம் 0.38 மில்லிமீட்டர்! காற்றடித்தால் தகடு லேசாகப் படபடக்கும்! இதை வரையக் கட்டட மென்பொருள் எதுவும் போதவில்லை. போர் விமானம் செய்கிற பிரெஞ்சு நிறுவனத்தின் 'கேட்டியா' மென்பொருளைக் கடன் வாங்கினார்கள்! சுவையான விஷயம் என்ன தெரியுமா? வடிவமைத்த ஃபிராங்க் கெரிக்குக் கம்ப்யூட்டர் ஓட்டத் தெரியாது! அவர் காகிதத்தைக் கசக்கி, அட்டையை வெட்டி மாதிரி செய்வார். அலுவலகத்துப் பிள்ளைகள் அதை அளந்து உள்ளே ஏற்றுவார்கள்!

வலையைத் தலைகீழாகப் பிடித்தால் கோயில்!

இப்போது ஒரு சின்ன சோதனை. கழுத்துச் சங்கிலியைக் கழற்றி இரண்டு விரலில் இரு முனையையும் பிடித்துத் தொங்கவிடுங்கள். ஒரு வளைவு வருகிறதா? அந்த வளைவை அப்படியே உறையவைத்துத் தலைகீழாகத் திருப்பினால், அதுதான் கல்லை வைத்துக் கட்டக்கூடிய மிகத் திடமான வளைவு! தொங்கும்போது எல்லா இடத்திலும் இழுவிசை மட்டும். திருப்பினால் எல்லா இடத்திலும் அழுத்தம் மட்டும். கல்லுக்கு அழுத்தம்தானே பிடிக்கும்!

இதைக் கண்டுபிடித்த ராபர்ட் ஹூக் என்ன செய்தார் தெரியுமா? 1675-ல் விடையை எழுத்து மாற்றிக் கலைத்துப்போட்ட புதிராக அச்சிட்டார்! யாரும் திருடிவிடக் கூடாதாம்! புதிருக்கு விடை வெளிவந்தது 1705-ல். ஹூக் இறந்து இரண்டு வருடம் கழித்து!

பார்சிலோனாவின் கௌடி இதைப் பிடித்துக்கொண்டார். கொலோனியா குவெல் தேவாலயத்துக்காக நூல்களைக் கூரையிலிருந்து வலைபோலத் தொங்கவிட்டு, ஒவ்வொரு முடிச்சிலும் ஈயக் குண்டு நிரப்பிய குட்டிப் பைகளைக் கட்டினார். உண்மையான கட்டடத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு! ஒரு பையை மாற்றினால் வலை முழுக்க நகர்ந்து புது வடிவம் எடுக்கும். புகைப்படம் எடுத்துத் தலைகீழாக வைத்துப் பார்ப்பார். அதுதான் தேவாலயம்! இந்த வலைக்கு எத்தனை காலம் ஆனது தெரியுமா? 10 வருடம்! 1898 முதல் 1908 வரை! இதையே இன்று ஒரு மடிக்கணினியில் மவுஸை அசைத்தால் நொடிக்கணக்கில் வலை தொங்கி, திரும்பி, கவிகையாக நின்றுவிடும்.

அந்த மென்பொருளில் ஒன்றைச் செய்த சூரிச் நகரப் பல்கலைக்கழகக் குழு, 2016 வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் ஒரு கல் கூரை போட்டது. 399 சுண்ணாம்புக் கற்கள். சிமென்ட் இல்லை! கம்பி இல்லை! ஒட்டும் பசை இல்லை! 15 மீட்டருக்கு மேல் தூணே இல்லாமல் பரந்து நின்றது. மெலிந்த இடத்தில் கல்லின் கனம் வெறும் 5 சென்டிமீட்டர்! ஒரு கல்லைப் போல இன்னொரு கல் இல்லை. ஒவ்வொன்றையும் கணினி தனித்தனியே கணக்கிட்டது, இயந்திரம் வெட்டியது.

5 சென்டிமீட்டர் கல்லா என்று வாயைப் பிளக்கிறீர்களா? ஜெகதாப்பட்டினத்துக்காரர்கள் பிளக்க மாட்டார்கள்! அதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தானே ஆவுடையார்கோயில் இருக்கிறது! அங்கே கருங்கல் கொடுங்கையைப் பார்த்தால், மரச்சட்டமும் கம்பியும் ஆணிகளும் வைத்து வேய்ந்த கூரை என்று சத்தியம் செய்வீர்கள். தொட்டுப் பார்த்தால்தான் அத்தனையும் கல் என்று தெரியும்! அந்தக் காலத்து ஸ்தபதிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது எதை வேண்டுமானாலும் செய்து தருகிறோம், 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதி வைப்பார்களாம்! இப்படி விலக்குச் சொல்லி ஒதுங்கிய மென்பொருள் நிறுவனம் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. அவர்கள் எல்லாம் முடியும் என்றுதான் சொல்வார்கள்!

ஐம்பது கோல் கழுதை, ஐம்பத்தொரு கோல் கொடி!

கணினி வருவதற்கு முன்பே நம் ஊரில் வீட்டுக்கு நிரல் எழுதி வைத்திருந்தார்கள், தெரியுமா? ஆயாதிக் கணக்கு! மனையின் சுற்றளவைக் கொடுத்தால் 'கட்டலாம், கட்டக் கூடாது' என்று விடை சொல்லும் வாய்பாடு. நூலுக்கு நூல் பெருக்கும் எண் மாறும். பரவலாக வழங்கும் ஒரு முறையில் போட்டுப் பார்ப்போமா?

சுற்றளவு 50 கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மீதி 4. இது ஆயம், அதாவது வரவு! 9-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் மீதி இல்லை. மீதி இல்லாவிட்டால் வகுத்த எண்ணையே எடுத்துக்கொள்வது வழக்கம், ஆக 10. இது வியயம், செலவு! வரவு 4, செலவு 10. குடும்பம் உருப்படுமா? இன்னும் கேளுங்கள். 3-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் மீதி 6. இது யோனி, மனைக்குரிய சின்னம்! ஆறாவது யோனி எது தெரியுமா? கழுதை!

ஒரே ஒரு கோல் கூட்டுங்கள். 51. வரவு 12. செலவு 9. யோனி 1, கொடி! எல்லாமே பொருத்தம்! ஒரு கோலில் கழுதை கொடியாகிவிட்டது!

பலன் நடக்குமா நடக்காதா என்பது அவரவர் நம்பிக்கை. எனக்கு அதில் பெரிய பிடிப்பு இல்லை. ஆனால் ஓர் எண்ணை உள்ளே போட்டு, நிபந்தனை பொருந்தும்வரை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கிற இந்த வேலை இருக்கிறதே, அதைத்தான் இன்றைய கட்டடக்கலைக் கல்லூரிகளில் ஒரு பருவம் முழுக்கப் பாடமாக நடத்துகிறார்கள்!

24 வயசுப் பையன் போட்ட கோடு!

திரையில் பேனாவால் கோடு போட முடியும் என்று முதலில் செய்து காட்டியவர் யார் தெரியுமா? இவான் சதர்லாந்து! வருடம் 1963. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவர். அப்போது வயது 24! கம்ப்யூட்டர் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற காலம்! அவருடைய 'ஸ்கெட்ச்பேட்'தான் இன்று ஊர் ஊருக்குப் 'பிளான் போட்டுத் தரப்படும்' என்று பலகை மாட்டியிருக்கிற கடைகளுக்கெல்லாம் மூதாதை.

அந்தக் கடைகளில் ஓடுகிற ஆட்டோகேட் வந்தது 1982 டிசம்பரில். அதற்கும் முன்னால், சென்னை ஐ.ஐ.டி.க்கு ஜெர்மன் உதவியில் ஐ.பி.எம். 370/155 என்ற பிரம்மாண்டம் வந்தது 1973-ல். அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுத்தால்தான் அதுக்குப் புரியும்! ஓர் ஓட்டை மாறினால் முதலிலிருந்து!

காற்று கொஞ்சம் கூடினால் அடி எவ்வளவு கூடும்?

2018 நவம்பர் 16. கஜா! வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயலைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்த இரவு.

காற்றின் வேகம் 100 கிலோமீட்டரிலிருந்து 120 ஆனால், சுவர் மேல் விழும் அடி எவ்வளவு கூடும்? 20 சதவீதம் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! 44 சதவீதம்! வேகத்தின் வர்க்கத்தில் கூடும்! 200 ஆனால் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு!

கிழக்குக் கடற்கரையில் கடலிலிருந்து 60 கிலோமீட்டர் வரை இந்தியத் தர நிர்ணயம் தனிக் கண்ணோடு பார்க்கிறது, தெரியுமா? ஐ.எஸ். 875 என்ற விதித்தொகுப்பின் 2015 பதிப்பில், புயலுக்குப் பிறகும் இயங்கியே ஆகவேண்டிய கட்டடங்களுக்கு, அதாவது ஆஸ்பத்திரி, புயல் பாதுகாப்பு மையம் போன்றவற்றுக்கு, காற்று வேகத்தை 1.30-ஆல் பெருக்கு என்கிறது. 1.3-ஐ 1.3-ஆல் பெருக்குங்கள். 1.69! அதாவது அதே இடத்துச் சாதாரண வீட்டைவிட 69 சதவீதம் அதிக அடியைத் தாங்குமாறு கணக்குப் போட வேண்டும்! ஸ்டாட், ஈடாப்ஸ் மாதிரியான மென்பொருளில் அந்த ஓர் எண்ணை மாற்றினால், தூணில் எத்தனை கம்பி என்பதே மாறிப்போகும். ஆனால் அந்த எண்ணை யாராவது உட்கார்ந்து மாற்ற வேண்டும்! பழைய கோப்பை அப்படியே 'சேவ் ஆஸ்' போட்டால்?

துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர். அதற்கு 40-க்கும் மேற்பட்ட காற்றுச் சுரங்கச் சோதனைகள்! குட்டிக் கட்டடம் செய்து விசிறிக் காற்றில் நிறுத்திப் பார்ப்பது. சோதனையைப் பார்த்துவிட்டுக் கட்டடம் நிற்கிற திசையையே மாற்றினார்கள்! உயர உயர அது சுருள்போலப் படிப்படியாக ஒடுங்குவது அழகுக்கு மட்டும் அல்ல, காற்றைக் குழப்புவதற்கு! எல்லா உயரத்திலும் ஒரே தாளத்தில் சுழல் உருவாகாமல் இருக்கத்தான் அந்தச் சுருள். அப்படியொரு காற்றுச் சுரங்கம் சென்னைத் தரமணியில் இருக்கிற சி.எஸ்.ஐ.ஆர். கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்திலும் உண்டு, தெரியுமா?

660 டன் லிஃப்ட்!

அதே பாக் நீரிணைக் கரையில் தெற்கே போனால் பாம்பன். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி 72.5 மீட்டர் நீளம், 660 டன் எடை. கப்பல் வந்தால் அது அப்படியே படுக்கைவசத்தில் 17 மீட்டர் மேலே ஏறும்! ஏற எவ்வளவு நேரம்? சுமார் 5 நிமிடம்! 1914-ல் திறந்த பழைய பாலத்தில்? ஆட்கள் சேர்ந்து நின்று கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தூக்க வேண்டும்!

வரைந்தது ஸ்பெயின் நிறுவனம் டிப்சா. கணக்கைச் சரிபார்த்தது சென்னை ஐ.ஐ.டி.யும் மும்பை ஐ.ஐ.டி.யும். ஒரு கணினி போட்ட கணக்கை இன்னொரு இடத்தில் முதலிலிருந்து போட்டுப் பார்ப்பது! ஸ்பெயினில் கோடு, கிண்டியில் திருத்தம், பாம்பனில் கடல்!

1964 டிசம்பர் புயலில் பழைய பாலம் சிதைந்தபோது அதை 46 நாளில் நிமிர்த்தியவர் இ. ஸ்ரீதரன். அன்றைக்கு அவர் மேசையில் கம்ப்யூட்டர் ஏது!

சென்னையில் தண்ணீர் வருமுன்னே படம் வரும்!

2015 டிசம்பர் 1-ல் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை! எந்தத் தெரு மூழ்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஆர்வலர்கள் இணையத்தில் ஒரு வரைபடம் போட்டார்கள். தெருவைத் தொட்டால் 'இங்கே வெள்ளம்' என்று நிறம் மாறும். மக்களே தொட்டுத் தொட்டு ஆயிரக்கணக்கான தெருக்களைக் குறித்தார்கள்!

அந்த வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்குச் சொந்தமாக ஒரு வெள்ள முன்னறிவிப்பு அமைப்பே உருவானது. பெயர் சி-ஃப்ளோஸ். தேசியக் கடலோர ஆய்வு மையம், இரண்டு ஐ.ஐ.டி.கள், அண்ணா பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்த வேலை. இவ்வளவு மழை, இவ்வளவு ஏரித் திறப்பு, கடலில் இவ்வளவு ஏற்றம் என்று நூற்றுக்கணக்கான கற்பனை வெள்ளங்களை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துப் படமாக்கி அடுக்கி வைத்திருக்கிறார்கள்! மழை அறிவிப்பு வந்ததும் அதற்குப் பொருந்தும் படத்தை உருவினால் போதும்.

கணக்கு தப்பிய கதைகள் வேண்டுமா?

லண்டனில் தேம்ஸ் நதிக்கு மேல் மில்லெனியம் பாலம். 2000 ஜூன் 10-ல் திறந்தார்கள். ஜூன் 12-ல் மூடினார்கள்! ஏன் தெரியுமா? கூட்டம் நடந்ததும் பாலம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. பாலம் ஆடியதும் மக்கள் விழாமல் இருக்கக் காலை அகட்டி அதன் ஆட்டத்துக்கே நடந்தார்கள். அவர்கள் நடந்ததில் பாலம் இன்னும் ஆடியது! உலகப் புகழ்பெற்ற பொறியாளர்கள், உயர்ந்த மென்பொருள், எல்லாம் இருந்தும் மனிதர் நடக்கும்போது பக்கவாட்டிலும் லேசாக உதைக்கிறார் என்பது கணக்கில் போதிய அளவு ஏறவில்லை. 91 அதிர்வுத் தாங்கிகளை மாட்டி, 2002 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள்!

இன்னொன்று இதைவிட வேடிக்கை. அதே லண்டன், 2013. 'வாக்கி டாக்கி' என்று செல்லப்பெயர் வைத்த வளைந்த கண்ணாடிக் கட்டடம். வளைவு உள்வாங்கி, தெற்கு பார்த்து! வெயில் அதில் பட்டுக் குவிந்து தெருவில் நின்ற ஜாகுவார் காரின் பாகங்களை உருக்கிவிட்டது! கட்டடக்காரர்கள் காருக்குக் கொடுத்த தொகை 946 பவுண்டு. ஒரு நிருபர் நடைபாதையில் சட்டியை வைத்து முட்டை பொரித்தே காட்டினார்! சூரியன் எந்த மாதம் எங்கே நிற்கும் என்று எந்த மென்பொருளும் நொடியில் சொல்லும். கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்!

காற்று வருமா என்று கட்டுமுன்னே கேட்கும் ஊர்!

புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள் இல்லையா? அவர்கள் கட்டுகிற அடுக்குமாடிகள் கட்டப்படுவதற்கு முன்பே கணினிக்குள் ஒரு முறை நின்று, காற்றும் வெயிலும் வாங்கிவிட்டுத்தான் வருகின்றன! வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தன் பேட்டைகளை வரையும்போதே எந்த இடைவெளியில் காற்று புகும், எந்த முற்றத்தில் நிழல் விழும் என்று ஓட்டிப் பார்க்கிறது. பார்த்துவிட்டுக் கட்டடங்களைத் தள்ளி வைக்கிறது, திருப்பி வைக்கிறது! நாடு முழுவதையும் முப்பரிமாணத்தில் கணினிக்குள் எழுப்பிய 'வர்ச்சுவல் சிங்கப்பூர்' திட்டத்துக்கு எவ்வளவு செலவு தெரியுமா? 7 கோடியே 30 லட்சம் சிங்கப்பூர் டாலர்!

சென்ட்ரிங் இல்லாத சுவர்!

2021 ஏப்ரல் 27. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் இந்தியாவின் முதல் முப்பரிமாண அச்சு வீடு. 600 சதுர அடி! ஐ.ஐ.டி.யில் படித்த இளைஞர்கள் தொடங்கிய த்வஸ்தா நிறுவனத்தின் வேலை. குழாய் முனையிலிருந்து கான்கிரீட் கலவை பிதுங்கி, அடுக்கு மேல் அடுக்காகச் சுவர் எழும்! பலகை அடிக்க வேண்டாம், செங்கல் அடுக்க வேண்டாம்!

பெங்களூரில் 2023 ஆகஸ்ட்டில் திறந்த அச்சுத் தபால் ஆபீஸ் 1,021 சதுர அடி. எத்தனை நாள் வேலை? 43! சரி, 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் கிராமத்தில் கட்டுகிற வீடு எவ்வளவு? 360 சதுர அடி. அந்த இயந்திரம் நம் கடற்கரைக் கிராமத்துச் சந்தில் நுழையுமா, நுழைந்தால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் என்ன வேலை என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

அச்சு வீடு இருக்கட்டும், அனுமதி எவ்வளவு வேகம் தெரியுமா? 2024 ஜூலை 22 முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, நீங்களே சான்றளித்து இணையத்தில் உடனடியாக அனுமதி வாங்கலாம்!

2,161 என்ற மந்திர எண்!

கடைசியாக ஒன்று. இதுதான் ஜெகதாப்பட்டினத்துக்கு மிக நெருக்கம். அங்கே கடலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருப்பது விசைப்படகுக்காரர் எல்லோருக்கும் தெரியும். ஜி.பி.எஸ். திரையில் மட்டும் தெரிகிற அந்த இந்திய-இலங்கை எல்லைக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கரையிலும் அப்படி ஒரு கோடு இருக்கிறது, தெரியுமா?

உயர் அலைக் கோடு! அதிலிருந்து எத்தனை மீட்டருக்குள் கட்டக் கூடாது என்பதைக் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. 2019 அறிவிக்கையில் ஊரகப் பகுதிக்கு வந்த கணக்கைக் கேளுங்கள். 2011 மக்கள்தொகைப்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் என்றால் 50 மீட்டர். அதற்குக் குறைந்தால் 200 மீட்டர்! நூற்றைம்பது மீட்டர் நிலத்தின் தலையெழுத்து ஒரே ஓர் எண்ணில்!

கோட்டை வரைவது யார்? செயற்கைக்கோள் படமும் கணினியும். சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிற தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம் இந்த வேலையில் நாட்டுக்கே தலைமை. கூரை இருந்தால் படத்தில் விழும். ஆனால் வலை காயப்போடும் மணல்? விழாது! படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் இடம்? மீன் ஏலம் கூவும் வெட்டவெளி? வெறும் மணல் என்றுதான் கணினி சொல்லும்!

எண்ணூரில் ஒரு பெரிய சர்ச்சையே நடந்தது. 1996 வரைபடத்தில் இருந்த கழிமுகம் பிறகு வந்த வரைபடத்தில் காணோம் என்று மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் புகார் சொன்னார்கள். ஆற்றையே காணோம்!

இப்படி விடுபட்டதற்கு மீனவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சென்னைக் கரையோரக் குப்பங்களில் மீனவர்களே கையில் ஜி.பி.எஸ். எடுத்துக்கொண்டு நடந்தார்கள். படகுத்துறை எங்கே, வலை காயும் இடம் எங்கே, குடும்பம் பெருகினால் அடுத்த வீடு எங்கே கட்டுவோம் என்று ஒவ்வொரு மூலையிலும் நின்று புள்ளி எடுத்து, அரசு பயன்படுத்துகிற அதே வகை மென்பொருளில் ஏற்றி, சொந்தமாக வரைபடம் போட்டார்கள்! கடலுக்குள்ளும் விடவில்லை. எந்தப் பாட்டில் எந்த மீன், எங்கே பார், எங்கே சேறு என்று பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பேரன்கள் குறித்தார்கள்!